தொண்ணூற்று நான்கு

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மேசைக்கடியில், தகரப் பெட்டிக்குள்,
கிராபிக்ஸ் கார்டு தொண்ணூற்று நான்கு.
நடுவே நான், கையில்லாத பனியனோடு.

இர்கூத்ஸ்கில் நான்காம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
இரவில் படகு ஓட்டுகிறேன், விளையாட்டில்.
சரியாகப் பதினொன்றாம் நிமிடம்
கலங்கரை விளக்கம் கண்ணில் படும்,
விசிறிகள் ஊளையிடும்,
திரை கறுக்கும்.

கார்டு பழையது. விற்றவன் வெனியாமின்,
கராஜில் வைத்துச் சத்தியம் செய்தான்:
"ஒரு டீச்சர் வைத்திருந்தது,
சாயங்காலம் மட்டும் சீட்டு ஆடுவார்."
திருகாணி கழற்றிப் பார்த்தால்
உள்ளே ஒரு காகிதச் சீட்டு:
அடுக்கு 17, வரிசை 4.
நாணயம் தோண்டும் கொட்டகையில்
இரண்டு வருடம் கண் மூடாமல் உழைத்த உடம்பு.
டீச்சர்தான், பாவம்.

முதலில் டிரைவரை அழித்து மறுபடி போடச் சொன்னார்கள்.
எங்கே எது நின்றாலும்
பழி முதலில் டிரைவர் மேல்தானே.
போட்டேன். கறுத்தது.
பெயின்ட் பிரஷால் தூசி தட்டினேன்;
பக்கத்து வீட்டுப் பூனையின் பாதி வந்தது.
(பூனை என் வீட்டுக்குள் வந்ததே இல்லை.)
காய்ந்த சுண்ணாம்பாய்ப் பொரிந்திருந்த பேஸ்ட்டைச்
சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து,
பட்டாணியளவு புதிது வைத்தேன்.
வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கினேன்.
பதினொன்று பதிமூன்றானது.
பிறகு கறுத்தது.

திரை போனாலும் குரல் போவதில்லை.
அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
படம் செத்த பிறகும் ஹெட்போனில்
சீத்தாவிலிருந்து சோல்போன் கேட்பான்:
"எத்தனை டிகிரி?"
கொதிகலன் கூடத்தில் இரவு வேலை அவனுக்கு;
யாரைப் பார்த்தாலும் முதலில் சூடுதான் விசாரிப்பான்.
"தொண்ணூற்று நான்கு."
"ம்."
அவன் திரையில் என் படகு
துடுப்பு தூக்கியபடி உறைந்து நிற்குமாம்.
அதைக் காவல் காத்துக்கொண்டு
அவன் பேச ஆரம்பிப்பான்.

மூன்றாம் எண் பம்ப் இருமுவதைப் பற்றி.
மகள் இப்போதெல்லாம்
மெசேஜுக்குக் கட்டைவிரல் மட்டும் அனுப்புவதைப் பற்றி.
ஒரு முறை, ரொம்ப நேரம், எதைப் பற்றியும் இல்லாமல்.
இருட்டுத் திரையில் என் முகம் தெரியும்.
நானும் சொன்னேன்,
தண்டவாளத்தில் படுத்திருந்த ஆளை,
பிரேக் பிடித்ததை, அவர் எழுந்து
தொப்பியைத் தட்டிக்கொண்டு போனதை.
டிப்போவில்கூட நான் சொல்லாதது.

ஞாயிற்றுக்கிழமை கீழே விழுந்த திருகாணியைத் தேடி
மேசைக்கடியில் தவழ்ந்தபோது கை சுட்டது.
ரேடியேட்டர்.
நகராட்சியின் வெந்நீர் ஓடும் இரும்பு;
மூடக் குழாய் கிடையாது,
அக்டோபரில் வைத்தால் மே வரை எரியும்.
அதன் மடியில்தான் பெட்டியை உட்கார வைத்திருக்கிறேன்,
மூச்சு விடும் பக்கத்தை அதற்கே காட்டி.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இங்கே கூடம்தான் கோணல்;
நான் ஆட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று முழம் நகர்த்தினேன்.
ஜன்னலுக்குள் இருக்கும் குட்டி ஜன்னலை
இரண்டு விரல் திறந்து வைத்தேன்.
அறுபத்தெட்டு.
பதினொன்று போனது, நாற்பது போனது.
கலங்கரை விளக்கம் தாண்டி
இத்தனை கடல் இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது.

நான்கு இரவுகள் ஆடினோம்.
"இடது. இடது. பின்னால் ஒருத்தன். சபாஷ்."
பம்ப் என்னவானதென்று அவன் சொல்லவில்லை.
படகில் இருந்துகொண்டு எப்படிக் கேட்பது?

ஐந்தாம் இரவு, நடுக்கடலில்,
துடுப்பிலிருந்து கையை எடுத்தேன்.
திரையில் அலை பளபளக்கிறது,
ஓரத்தில் பச்சை எழுத்தில் அறுபத்தெட்டு.

"போச்சு" என்றேன்.

"மறுபடியுமா? எத்தனை?"

"தொண்ணூற்று நான்கு."

"ம்" என்றான்.
நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.